சோலாரைக் கடைசியில் வையுங்கள்: ஒரு பழைய அடுக்குமாடியின் கார்பனைக் குறைக்கப் போன இரண்டரை ஆண்டுகள்

பேனலை மாட்ட ஒரு செலவு, கழற்ற ஒரு செலவு, மறுபடி மாட்ட இன்னொரு செலவு. 48 வீடுகள், 5 மாடி, 30 வயதைத் தாண்டிய கட்டடம். அதன் கார்பன் உமிழ்வைக் குறைப்பது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டதுமே எல்லோர் கண்ணும் மொட்டைமாடிக்குத்தான் போனது. சோலார் கண்ணுக்குத் தெரியும், பில்லிலும் உடனே தெரியும், மறுப்பவர் யாரும் இல்லை. 14 மாதம் நன்றாக ஓடியது. பிறகு மேல்தளத்து வீடுகளில் கூரை ஒழுகியது. தளத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் பேனல்கள் அத்தனையும் இறங்கியாக வேண்டும். ஆரம்பச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இறக்கி ஏற்றும் வேலைக்கே போயிற்று. ஏழு வாரம் உற்பத்தி இல்லை. இறக்கும்போது இரண்டு பேனல்களின் கண்ணாடி நொறுங்கியது. இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல் வேறு ஒன்று: அந்த 14 மாதமும் பில் குறைந்திருந்ததால், கட்டடத்துக்குள் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று யாரும் தேடவே இல்லை. வரிசையை மாற்றிவிட்டீர்கள் என்று ஆரம்பத்திலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வரிசை இதுதான். முதலில் அளக்க வேண்டும். அடுத்து, வெறுமனே வீணாவதை நிறுத்த வேண்டும். பிறகு வெயிலும் குளிரும் சுவர், கூரை, ஜன்னல் வழியாக உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். அதன் பிறகும் மிஞ்சும் தேவைக்கு மட்டும் இயந்திரம் வாங்க வேண்டும். சோலார் கடைசி. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் வாங்க வேண்டியதைச் சிறிதாக்கிவிடும் என்பதுதான் இதற்குக் காரணம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009ல் அறிவித்த புதுப்பிப்பு வேலை இதற்கு நல்ல பாடம். அங்கே 6,514 ஜன்னல்களைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டு, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலத்தை வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். ரேடியேட்டர்களுக்கு (அறையைச் சூடாக்கும் சுவரோரக் கருவிகள்) பின்னால் வெப்பத்தடுப்பு வைத்தார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால், பெரிய சில்லர் (கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கும் யோசனையை விட்டுவிட்டு இருப்பதையே புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. சில்லரில் மிச்சமான பணம் ஜன்னலுக்குப் போயிற்று. 38 சதவீத ஆற்றல் சேமிப்பு அவர்களின் இலக்கு. சில்லரை முதலில் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகியிருக்கும்.

அளப்பது என்றதும் பயப்பட வேண்டாம், முதல் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். 12 மாத மின்பில், டீசல் ரசீது, சமையல் அல்லது சூடாக்கும் எரிவாயு பில், ஏசிக்கு வாயு நிரப்பிய ரசீது, இந்த நான்கும் கையில் இருந்தால் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ எல்பிஜிக்கு ஏறக்குறைய 3 கிலோ. குழாயில் வரும் இயற்கை எரிவாயு, ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்துக்கு 0.2 கிலோ அளவில். மின்சாரத்துக்கு உங்கள் மின்தொகுப்பின் காரணியை, அதாவது யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணை, போட வேண்டும். நிலக்கரி பெரும்பங்கு என்றால் யூனிட்டுக்கு 0.7 கிலோவைத் தாண்டும். நீர்மின்சாரமோ அணுமின்சாரமோ மேலோங்கி இருந்தால் 0.1க்கும் கீழே இருக்கும். இந்த ஒரு எண்தான் உங்கள் திட்டத்தையே மாற்றும். நிலக்கரி மின்சாரம் உள்ள ஊரில் பம்பும் ஏசியும் முதல் எதிரி. சுத்தமான மின்சாரம் உள்ள ஊரில் எரிவாயு பாய்லரை எடுப்பதே முதல் வேலை. அடுத்த ஊர்க் கட்டடம் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது இதனால்தான் ஆபத்து.

நான்காவது ரசீதை, அதாவது ஏசி வாயுவை, பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 780 லிட்டர் டீசல் எரிப்பதற்கு ஒப்பு. ஒரு சாதாரண ஸ்பிளிட் ஏசிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. வருடா வருடம் "கேஸ் கம்மியா இருக்கு" என்று நிரப்பிவிட்டுப் போகிறார்களே, அந்த வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய சுற்று. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். 48 வீடுகளிலும் ரசீதுகளைக் கேட்டு வாங்கிக் கூட்டியபோது, பொது ஜெனரேட்டர் ஓராண்டில் குடித்த டீசலைவிட இந்தக் கசிவின் பாரம் அதிகமாக நின்றது.

காகிதக் கணக்கு முடிந்ததும் சுற்றுவாரியாக மீட்டர் வைக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு ஒரே மீட்டர் இருந்தால், எது தின்கிறது என்று ஊகம்தான் பேசும். இங்கே எல்லோரும் லிஃப்டைத்தான் குற்றம் சாட்டினார்கள். தண்ணீர் பம்ப், லிஃப்ட், பொது விளக்கு, கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் காற்றுவிசிறி, வெந்நீர் என்று ஐந்து சுற்றுகளுக்கும் தனித்தனி துணை மீட்டர் வைத்தோம். அதிலும் இரண்டு மாதத் தரவு குப்பையாகிப் போனது. கேபிளைச் சுற்றி மாட்டும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்று திசை மாறியிருந்தது. மூன்று ஃபேஸில் ஒன்று திரும்பியிருந்தால் அது கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடும். மூன்று வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும். இன்னொரு மீட்டரில் 200/5 டிரான்ஸ்ஃபார்மர் (200 ஆம்பியரை 5 ஆகக் குறைத்து மீட்டருக்குத் தருவது) இருக்க, மீட்டரில் 100/5 என்று அமைத்திருந்தார்கள். அது பாதியைத்தான் காட்டியது. சோதிக்கும் வழி எளிது. ஒரு முழு நாள் துணை மீட்டர்கள் எல்லாவற்றையும் கூட்டி முதன்மை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாட்டியவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அந்தச் சோதனை முடியாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மீட்டர் சரியானதும் பார்க்க வேண்டிய முதல் எண், இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரையிலான சுமை. எல்லோரும் தூங்கும் நேரம், லிஃப்ட் ஓடாத நேரம். அப்போதும் ஓடிக்கொண்டிருப்பது ஆண்டு முழுவதும் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு கிலோவாட் விடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760 யூனிட். இங்கே 4 கிலோவாட்டுக்கு மேல் நின்றது. கீழ்த்தள விசிறிகள் வண்டியே நகராத நேரத்திலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. விசிறியின் மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதிக்கு இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு உணரியோடு வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை இணைத்தால், வண்டிகள் வரும் நேரம் மட்டும் வேகமெடுக்கும். அந்த உணரியை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்ல உணர்வு மங்கி, நச்சுப் புகை சேர்ந்தாலும் விசிறி சும்மா இருக்கும். மின்சாரம் மிச்சமாகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தால் உயிருக்கே வினையாகிவிடும். லிஃப்ட்? அது நிற்கும்போது எரியும் கூண்டு விளக்கும் விசிறியும்தான் அதில் பெரிய வீண். புதிய லிஃப்ட் வாங்கச் சொல்லி வந்த விலைப்பட்டியல் அன்றோடு மடங்கியது.

பம்புக்கு வருவோம், இதில் சற்று நிற்க வேண்டும். கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு 22 மீட்டர். நாளொன்றுக்கு 24,000 லிட்டர். அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது 1.44 யூனிட் மட்டுமே (லிட்டர் × மீட்டர் × 9.81 ÷ 36 லட்சம்). மோட்டார், பம்ப், குழாய் இழப்பு எல்லாம் போக, 40 சதவீதத் திறனில் ஓடும் நல்ல அமைப்புக்கு 3.6 யூனிட் ஆகும். மீட்டர் காட்டியது 9. இந்தக் கணக்கை எந்தக் கட்டடத்திலும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம், ஆனால் யாரும் போடுவதில்லை. ஏன் இவ்வளவு? பம்ப் தேவைக்கு மேல் பெரியது. முன்பு எப்போதோ எரிந்துபோனபோது "ஒரு சைஸ் பெரிசா போட்டா தொல்லை இல்லை" என்று மாற்றியிருக்கிறார்கள். பெரிய பம்ப் தண்ணீரை வேகமாகத் தள்ளும். வேகம் இரட்டித்தால் குழாய் உராய்வு நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தைச் சமாளிக்க வால்வைப் பாதி மூடி வைத்திருந்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கைப் பிடிப்பது போல. அத்தோடு மேல்தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் வழிகுழாய் வழியே சொட்டி, இரவில் பம்ப் தானாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

மருந்து: முதலில் மிதவை வால்வு, அடிவால்வின் சல்லடை, ஒழுகும் இணைப்புகள். இதற்கு ஆகும் செலவு கையிருப்பில் முடியும். அடுத்து குழாய். 40 மில்லிமீட்டரிலிருந்து 50க்கு மாற்றினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் மடியோடு குறைகிறது. கடைசியில்தான் பம்ப். பம்ப் வாங்கும்போது குதிரைத்திறனைச் சொல்லிக் கேட்காதீர்கள். "நிமிடத்துக்கு 100 லிட்டர், மொத்த உயரம் 26 மீட்டர்" (குழாய் உராய்வையும் உயரமாகச் சேர்த்து) என்று சொல்லி, தயாரிப்பாளரின் வளைகோட்டில் அந்தப் புள்ளி அதிகபட்சத் திறனுக்குப் பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள். மெதுவாக நாலு மணி நேரம் ஓடும் சின்ன பம்ப், இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் பெரிய பம்பைவிடக் குறைவாகத் தின்னும். கடைக்காரர் குதிரைத்திறனிலேயே பேசினால் வேறு கடை பாருங்கள்.

பொது விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய 40 வாட் குழல் விளக்கு, சோக்கோடு சேர்த்து 50க்கு மேல் இழுக்கும். 18 வாட் எல்இடி போதும். படிக்கட்டில் அசைவு உணரி வைக்கும்போது முழுவதும் அணையாமல் மங்கலாக எரியும் வகையை வாங்குங்கள். முழு இருட்டில் முதல் படியில் கால் வைத்த பிறகுதான் விளக்கு எரிகிறது என்று வயதானவர்கள் சொன்னால், அந்த உணரியை யாராவது ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள்.

அடுத்தது கூரை. பணமும் காலமும் அதிகம் போனது இங்கேதான். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் வெப்பத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 3.5 முதல் 4 வாட் வரை கடத்திவிடும். மேலே 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் எனப்படும் கெட்டியான பாலிஸ்டைரின் நுரைப் பலகை விரித்தால் அது அரை வாட் அளவுக்கு இறங்கிவிடும், ஏழில் ஒரு பங்கு. வெள்ளைப் பூச்சு இன்னொரு வழி. புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் தூசு படிந்தால் அந்தக் குணம் வேகமாக இறங்கும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழுவ வேண்டும். கழுவ ஆள் இல்லாத கட்டடத்தில் வெறும் பூச்சை மட்டும் நம்பாதீர்கள். வெப்பமான ஊரில் இரண்டும் சேர்ந்தால் நல்லது. குளிரான ஊரில் வெள்ளைப் பூச்சால் லாபம் குறைவு, பலகையின் தடிமனைக் கூட்டுங்கள்.

அடுக்குகளின் வரிசையில்தான் ஒப்பந்தக்காரர்கள் சறுக்குகிறார்கள். முதலில் நூற்றுக்கு ஒன்று சாய்வு சரியாக இருக்க வேண்டும். அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம். படலம் போட்டதும் மழைக்குழாய் வாய்களை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே பலகை, அதன்மேல் துணி, பிறகு காரைப் பூச்சோ ஓடோ. படலத்துக்கு மேல் பலகை வருவதால், அது நீர் உறிஞ்சாத மூடிய துளை வகையாகவே இருக்க வேண்டும். விலை குறைவு என்று கண்ணாடிப் பஞ்சை அங்கே வைத்தால், முதல் மழையில் நனைந்து பஞ்சு செத்துவிடும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது, பாரம் மட்டும் மிஞ்சும். பாரம் என்றதும் இன்னொன்று: 50 மில்லிமீட்டர் காரை ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். பழைய தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் தொடங்கக் கூடாது.

இங்கே யாரும் யோசிக்காமல் விட்ட ஒன்று, உயரம். பலகையும் காரையும் சேர்ந்து தளம் 10 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. படிக்கட்டுக் கதவின் வாசற்படி தளத்துக்குச் சமமாகிவிட, பெருமழையில் தண்ணீர் கதவுக்குள் நுழைந்து லிஃப்ட் இயந்திர அறை வரை போயிற்று. கதவைக் கழற்றி, படியை உயர்த்தி, மறுபடி மாட்ட மூன்று வாரம். கைப்பிடிச் சுவரும் அதே அளவு குள்ளமாகிவிடும். ஒரு மீட்டருக்குக் கீழே போனால் அதன்மேல் கம்பித்தடுப்பு வைக்க வேண்டும். வேலைக்கு முன்பே ஒரு செங்கல்லைக் கதவோரம் வைத்துப் பார்த்திருந்தால் இந்த மூன்று வாரம் மிச்சம்.

ஜன்னலில் கொஞ்சம் பணத்தில் அதிகப் பலன் தருவது வெளிப்பக்க நிழல். கண்ணாடிக்குள் வெயில் நுழைந்த பிறகு உள்ளே திரை போட்டு என்ன பயன்? வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு உதவாது, மாலைச் சூரியன் தாழ்வாக வரும். அங்கே பக்கவாட்டுப் பலகையோ வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோதான் வேலை செய்யும். கண்ணாடியையே மாற்றுவதென்றால் எந்த எண்ணைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெப்ப ஊரில் வெயில் புகும் விகிதம் முக்கியம், சாதாரணக் கண்ணாடிக்கு 0.8, நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு 0.3 அளவில். குளிர் ஊரில் வெப்பம் வெளியேறும் எண் (கூரைக்குச் சொன்ன அதே வாட் கணக்கு) முக்கியம், 5.7லிருந்து 1.8க்கு இறங்க வேண்டும். குளிர் ஊரில் இருப்பவர்கள் இடுக்குகளை அடைக்கும்போது காற்றோட்டத்துக்கு வழி வைக்காமல் விட்டால், அடுத்த குளிர்காலமே சுவர் மூலைகளில் பூஞ்சை பூக்கும். குளியலறையிலும் சமையலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி, மற்ற அறைகளில் காற்று உள்ளே வரத் திறப்பு, இரண்டும் சேர்ந்துதான் அடைப்பு வேலை.

கூரை முடிந்த பிறகு மேல்தளத்தார் ஏசி மாற்ற வந்தார்கள். பழைய கணக்கில் அறைக்கு ஒன்றரை டன். கூரைக் காப்புக்குப் பிறகு ஒரு டன்னே தாராளம். பெரிய ஏசி வாங்கினால் சீக்கிரம் குளிரும் என்பது உண்மை. குளிர்ந்ததும் நின்றுவிடும் என்பதும் உண்மை. நிற்கும்போது ஈரப்பதத்தை எடுக்காது. அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும், உடனே இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை மூன்று. குழாய் இணைப்பை நைட்ரஜன் நிரப்பி அழுத்தச் சோதனை செய்கிறார்களா, வெற்றிட பம்பால் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இறக்கி அது ஏறாமல் நிற்கிறதா, வாயுவைத் தராசில் எடைபோட்டு நிரப்புகிறார்களா. "சின்ன லைன்தான், கேஸையே விட்டு காத்தை வெளியேத்திடலாம்" என்றால் அனுமதிக்காதீர்கள். அந்த ஒரு நொடியில் போவது கிலோவுக்கு 2,088 என்ற கணக்கில். வேறு குளிர்பதன வாயுக்களில் ஆர்-32 வகையின் தாக்கம் 675, ஆர்-290க்கு ஒற்றை இலக்கம். ஆனால் முதலாவது மெல்லத் தீப்பற்றும், இரண்டாவது நன்றாகவே பற்றும், பழகிய கை வேண்டும். பழைய ஏசியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் வாயுவை உருளையில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள். செம்புக் குழாயை அவர் வெட்டும் சத்தத்தில் முழு ஆண்டு சேமிப்பும் போய்விடும்.

வெந்நீரில் இன்னொரு தவறு. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55க்குச் சூடாக்க 3.5 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண ஹீட்டர் அதை அப்படியே மின்சாரமாக வாங்கும். ஹீட் பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கி, மீதியை வெளிக்காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். காகிதத்தில் கச்சிதம். ஆனால் ஒரே மையத் தொட்டி வைத்து எல்லா வீட்டுக்கும் சுற்றுக்குழாய் இழுத்தபோது, அந்தக் குழாயே ஒரு ஹீட்டராகிவிட்டது. நன்றாகச் சுற்றிய குழாய்கூட மீட்டருக்கு 10 வாட் இழக்கும். 150 மீட்டருக்கு ஒன்றரை கிலோவாட், 24 மணி நேரத்துக்கு 36 யூனிட் வெப்பம். யாரும் குளிக்காத நாளிலும் இது போகும். இரவு மீட்டரில் இது தெரிந்த பிறகு குழாய் உறையைத் தடிமனாக்கினோம். வால்வுகளும் வளைவுகளும்தான் மூடாமல் விட்டிருந்தவை. சுற்றோட்டத்தை நிறுத்தியோ வெப்பநிலையைத் தாழ்த்தியோ மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமிக்கு 25 முதல் 45 டிகிரி வெந்நீர் சொர்க்கம். தொட்டி 60 டிகிரியில், திரும்பி வரும் தண்ணீர் 50க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுற்றுக்குழாய் மிக நீளம் என்றால் மாடிக்கொரு சின்னத் தொட்டி மேல். பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கும் குளிர் நாட்டுக் கட்டடங்களுக்கும் இதே வரிசைதான். பழைய ரேடியேட்டர்கள் 70, 80 டிகிரி தண்ணீருக்கு வடிவமைத்தவை, ஹீட் பம்ப் 45ல்தான் சிக்கனம். சுவரையும் கூரையையும் முதலில் போர்த்தினால், அதே ரேடியேட்டர் 45 டிகிரியிலேயே அறையைச் சூடாக்கும்.

ஜெனரேட்டர் பாதிச் சுமைக்கு மேல் ஓடும்போது லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் தரும், பத்துப் பதினைந்து சதவீதச் சுமையில் இரண்டுகூடத் தராது. இரவு வீண்களை நிறுத்திய பிறகு இருந்த ஜெனரேட்டர் அளவில் பெரிதாகிப்போனது. இதை மாற்றப் பணம் இல்லை, லிஃப்டுக்கும் பம்புக்கும் மட்டும் அது கிளம்பும்படி செய்து, விளக்குகளை மின்கலத்துக்கு மாற்றியதோடு சரி.

இப்போதுதான் சோலார் திரும்ப ஏறியது. இம்முறை கால்களுக்கான கான்கிரீட் மேடைகளை நீர்த்தடுப்புக்கு முன்பே கட்டி, படலத்தை அவற்றின் மேல் ஏற்றி மடித்தாயிற்று. இனி போல்ட் துளை எதுவும் படலத்தைத் தொடாது. நடைபாதை விட்டு, கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தால் கழுவ வசதி இருக்கும். லிஃப்ட் அறையின் நிழல் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் தரையில் குறித்து, அதற்கு வெளியே மட்டும் பேனல். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் தளரும். முதல் முறை வாங்கிய அளவில் மூன்றில் இரண்டு பங்கே பொதுத் தேவைக்குப் போதுமாக இருந்தது. மீதிப் பேனல்கள் வாங்கியிருக்கவே வேண்டாம்.

மிச்சமானது உண்மையா என்று பார்க்க, சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வெயில் எவ்வளவு அதிகம், எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சோலார் உற்பத்தியைத் தனி வரியில் வையுங்கள், பயன்பாட்டிலிருந்து கழித்துக் காட்டாதீர்கள். கழித்துக் காட்டியதுதான் 14 மாதம் பம்பை மறைத்தது. ஒப்பந்தங்களில் பத்து சதவீதத்தை ஓராண்டு நிறுத்தி வைத்து, துணை மீட்டர் சொன்ன பிறகு கொடுப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் கூரைச் செலவுக்குத் தயங்குவார்கள், ஏனென்றால் ஏசி பில் கட்டுபவர் வேறு ஒருவர். அவர்களிடம் மின்சாரத்தைப் பேசிப் பயனில்லை, ஒழுகலைப் பேசுங்கள். அது அவர்கள் சொத்து.

இதற்கு நடுவில் "இவ்வளவு தொல்லைக்கு இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடமாகக் கட்டலாமே" என்று ஒரு பேச்சு கிளம்பி நான்கு கூட்டங்களைத் தின்றது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பின்னால் 300 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, சிமென்ட் அரைக்கும் கிளிங்கர் ஆக்கும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளிவருவது அதில் பெரும்பங்கு. உலை இரும்பு கிலோவுக்கு 2 கிலோ. நிற்கிற சட்டகத்தை வைத்துக்கொண்டால் இதெல்லாம் மறுபடி எரிக்க வேண்டியதில்லை. எலும்புக்கூடு நன்றாக இருக்கிறது என்று பொறியாளர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மிஞ்சியிருப்பது சமையல் எரிவாயு. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற 30 வீடுகள் தயார். ஆனால் மேலேறும் முதன்மைக் கேபிள் அலுமினியம், 30 ஆண்டு பழையது. மாலை 7 மணிக்கு எல்லா அடுப்பும் ஒன்றாக எரிந்தால் தாங்குமா என்று பார்க்க, ஒரு வெப்பப்படக் கேமராவை வாடகைக்கு எடுத்து மாடிக்கு மாடி இணைப்புகளைப் பார்த்தோம். மூன்றாம் மாடியில் ஒரு இணைப்பு பக்கத்துக் கேபிளைவிட 30 டிகிரி சூடாக இருந்தது. அதை வெட்டி, படிந்த ஆக்சைடை நீக்கி, புது லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) அழுத்தி மாட்டும் வரை அடுப்பு வாங்க வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறது.